சிந்தாமல் இறக்கி வைத்த பானை

எங்கள் வேலைத்தளத்தில் மேசை கிடையாது. மிதிவெடி எடுக்கிற வெளியில் யார் மேசை கொண்டுவந்து போடுவார்கள்? வாகனத்தின் முன்மூடி, அந்தப் பொனற்தான் எங்களுக்கு மேசை. பத்து மணித் தேநீர் வாளி, மத்தியானச் சோற்றுப் பார்சல்கள், சம்பல் போத்தல், வரைபடம், முதலுதவிப் பெட்டி, யாரோ கழற்றி வைத்த காப்பு, எல்லாம் அதன் மேல்தான். எறும்பு ஏறாது, மண் ஒட்டாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். புதிதாக வருகிற சாரதிமார் முதல் நாள் மட்டும் பெயின்ற் கீறுப்படும் என்று முறுமுறுப்பார்கள். இரண்டாம் நாள் அவர்களே தங்கள் பார்சலை அதில் விரித்துச் சாப்பிடுவார்கள்.

ஒரேயொரு வாகனம் மட்டும் இதற்கு விலக்கு. எங்கள் தொழில்நுட்ப ஆலோசகருடைய வெள்ளைப் பிக்கப். அதன் பொனற்றில் எதை வைத்தாலும் அவர் எங்கிருந்தாலும் எழுந்து வருவார். கோபப்படமாட்டார், ஒரு சொல் சொல்லமாட்டார். இரண்டு கையாலும் தேநீர் வாளியைத் தூக்கி, ஒரு துளி சிந்தாமல், மர நிழலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். என் குழுவில் இருந்த பெட்டைகளுக்குச் சரியான எரிச்சல். அவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்ன மனமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வாயும் சும்மா இருக்கவில்லை. அவருக்குப் பொனற் சாமி என்று பெயர் வைத்ததே நான்தான்.

அவர் பிஜித் தீவுக்காரர். எங்கள் ஊர் வாசல்களில் குனியாமல் நுழைய முடியாத உயரம். வந்த புதிதில் மல்லாவிக் கடைத்தெருவில் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிஜியில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்களாமே, நீங்களும் தமிழோ? இல்லை என்று அவர் தலையாட்டியும் நம்பாமல் ஒரு கடைக்காரர் அவருடைய நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அவர் பூசவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். என் அப்பாவைப் போல அவருடைய தகப்பனும் கடற்றொழில் செய்தவர் என்று தெரிந்தபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் பற்று வந்தது. அவர் இதற்கு முன்பு என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்ததும் அது போய்விட்டது. சர்வதேச அமைதிப் படையில், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, மூன்று நாடுகளில் இருந்தவராம்.

அமைதிப்படை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார். அவருடைய இளவயதில் இந்தியாவிலிருந்து ஒரு அமைதிப்படை வந்து போனது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. என் வயதுக்காரருக்கு வேறு கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அப்பா கடலுக்கும் களப்புக்கும் மாறி மாறிப் போனவர். வலை பொத்துகிற வீட்டில் வளர்ந்ததால் எழுத்துக்கு முன்பே முடிச்சுப் போடப் பழகிவிட்டேன். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபோது, பாதியில் நின்ற என் படிப்புக்குக் கிடைத்த வேலை இது. முழங்காலில் குந்தி, முகக்கவசத்துக்குள் வியர்வை ஒழுக ஒழுக, மண்ணை விரல்நீளம் விரல்நீளமாகக் கிளறிப் பார்க்கிற வேலை. யார் புதைத்தது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் கிளறுகிற கை பிசகும். படிப்படியாக எட்டுப் பெண்கள் கொண்ட குழுவுக்குத் தலைவியானேன். திங்கள் முதல் சனி வரை மல்லாவியில் ஒரு வாடகை வீட்டில் தங்குவோம். ஞாயிறு அவரவர் வீட்டுக்குப் போய்வருவோம்.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது துணுக்காய்ப் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே உள்ள வயல். காணிக்கார அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, கணவர் இல்லை. மாமனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழ் குடியேறிய குடும்பம். பக்கத்து வயல் கணவரின் தமையனுடையது. இரண்டு வயலுக்கும் நடுவில் முன்பு பனை வரிசையும் முள்ளுக்கம்பி வேலியும் இருந்தனவாம். சண்டையில் இரண்டும் போயின. எல்லை எது என்ற தகராறு மட்டும் போகவில்லை. இரண்டு பேரும் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டு, மற்றவர் எவ்வளவு பொல்லாதவர் என்று விளக்குவார்கள். நாங்கள் தேநீரைக் குடித்துவிட்டுத் தலையாட்டுவோம்.

நாங்கள் நடுகிற கட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் சிவப்பு. வெள்ளை பார்க்கிற பக்கம் எடுத்து முடித்த நிலம், சிவப்பு பார்க்கிற பக்கம் எடுக்காத நிலம். கட்டைக்குக் கட்டை கயிறு இழுத்து நானே முடிச்சுப் போடுவேன். காணிக்கார அம்மாவின் வயலைக் கரைவரை எடுத்து முடித்து, தமையனின் பக்கத்துக்குச் சிவப்பைக் காட்டி வரிசையாக நட்டுவிட்டோம். அவருடைய வயல் அடுத்த முறைக்கு.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருக்கிறது. ஒரு காணியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அதை எடுத்த பெண்கள், கவச உடையும் முகமூடியும் இல்லாமல், தோளோடு தோள் நின்று, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடப்போம். காணிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார். அதன் பிறகுதான் அவர் கால் வைப்பார். தாளில் வைக்கிற கையெழுத்தைவிட எனக்கு இந்த நடைதான் பெரிது. தேடாத ஓரடி மண்ணிலும் என் பெட்டைகளை நான் நடக்கவிட்டதில்லை.

பொனற் விவகாரம் ஒரு மழைநாளில் வெளிவந்தது. வேலை நின்று, எல்லோரும் தறப்பாளுக்குக் கீழே ஒதுங்கியிருந்தோம். ஒருத்தி மறதியில் சோற்றுப் பார்சலை அவருடைய பொனற்றில் வைத்துவிட்டாள். அவர் நனைந்துகொண்டே போய் அதை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் நாட்டில் வாகனத்தைக் கும்பிடுவார்களோ என்று கேட்டேன். அவருக்கு விளங்குகிற இங்கிலிசில்தான் கேட்டேன். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

ஒரு நாட்டில் அவர்களுடைய முகாம் மதிலோடு ஒட்டிச் சனம் கூடாரம் கட்டி இருந்ததாம். நீலக் கொடிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. இவர்களும் அந்தச் சனத்தோடு பழகினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், காயத்துக்கு மருந்து கட்டினார்கள், பின்னேரங்களில் பந்தடித்தார்கள். இவர் ஒரு கூடாரத்துக் கூரையைக்கூடக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு காலையில் மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. உடனே வெளியேற வேண்டும். வாகனங்கள் வாசலில் வரிசையாக நின்றன. சனம் கூடியது. கல்லெறியவில்லை, சத்தம் போடவுமில்லை. இவர் கூரை கட்டிக் கொடுத்த கூடாரத்துப் பெண், அடுப்பிலிருந்து இறக்கிய பானையை அப்படியே கொண்டுவந்து முன்னால் நின்ற இவருடைய வாகனத்தின் பொனற்றில் வைத்துவிட்டு விலகி நின்றாள். சாப்பிடுங்கள், இருங்கள் என்பதுதான் அர்த்தம்.

“பானை சுட்டது. என் தொப்பியைக் கழற்றி, அதால் பிடித்துத் தூக்கினேன். வீதியோரத்தில் இறக்கி வைத்தேன். ஒரு துளியும் சிந்தவில்லை. பிறகு ஏறி ஓட்டினேன்” என்றார்.

அந்தச் சனத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் எட்டுப் பேரில் அதற்குப் பதில் தெரியாதவர் யாரும் இல்லை.

ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிலுக்கு என் கதையைச் சொன்னேன். எனக்குப் பதினேழு வயது. ஊர் ஊராக இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்திருந்தோம். வெளிநாட்டு நிறுவனக்காரர் எல்லோரும் வன்னியை விட்டு வெளியேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சனம் போய் அவர்களுடைய வாசலில் குந்தியது. நீங்கள் இருந்தால் எங்களுக்கு ஒன்றும் நடக்காது, போகாதேங்கோ என்று கெஞ்சியது. நானும் அம்மாவும் போயிருந்தோம். நான் இரும்புக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நின்ற ஒருவர் கண்கலங்கி வந்து, கம்பிகளுக்கு நடுவால் என் கையில் ஒரு பிஸ்கற் பக்கற்றைத் திணித்தார். பிறகு ஒருநாள் வாகனங்கள் போயின. அந்தப் பிஸ்கற்றை நான் சாப்பிட்டேன். பசி. எறியாமல் சாப்பிட்டேனே என்ற கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

“அழுதுகொண்டு போனாலும் போனது போனதுதான், சேர்” என்றேன்.

அவர் “ஓம்” என்றார். தமிழில் அவருக்கு நன்றாக வாய்க்கிற சொல் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவருடைய பொனற்றில் எதையும் வைக்கவேண்டாம் என்று பெட்டைகளிடம் சொல்லிவிட்டேன். பொனற் சாமி என்று கூப்பிடுவதையும் நிறுத்தினேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மன்னிப்பதானால் அந்தப் பானைக்காரிதான் மன்னிக்க வேண்டும், நான் யார்?

காணி கையளிப்பு ஒரு வியாழக்கிழமைக்கு வைக்கப்பட்டது. தூதரகத்திலிருந்து விருந்தினர் வருகிறார்கள், பந்தல் போடவேண்டும், மாலை கட்டவேண்டும் என்று எங்கள் கிளிநொச்சி அலுவலகம் பரபரத்தது. வெளியிலிருந்து வந்த பரிசோதகர்களும் சனிக்கிழமை நிலத்தைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தவை என் கையெழுத்தும் ஆலோசகரான சேருடைய கையெழுத்தும். ஞாயிறு நல்ல மழை.

திங்கட்கிழமை காலை கயிற்று வரிசையோரமாக வழக்கம்போல் நடந்து பார்த்தேன். மூன்றாவது கட்டையில் நின்றுவிட்டேன். முடிச்சு என்னுடையதில்லை. நான் போடுவது வலை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், வெட்டாமல் அவிழ்க்க முடியாது. இதுவோ ஒரு சுருக்கு வைத்து, ஒரே இழுப்பில் கழலும்படி போட்ட முடிச்சு. மாடு கட்டுகிறவர்கள் போடுவது. அடுத்த கட்டையைப் பார்த்தேன். அதுவும் மாட்டு முடிச்சு. கடைசிக் கட்டைவரை மாட்டு முடிச்சுத்தான். யாரோ எல்லாக் கட்டையையும் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று பார்க்கப் பழைய குழிகளைத் தேடினேன். ஞாயிற்று மழை அவற்றைக் கஞ்சிபோல மூடிவிட்டிருந்தது. பெட்டைகளிடம் அப்படியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்பினேன்.

யார் என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காணிக்கார அம்மா தானாகவே வந்தார். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை.

“ஓம் பிள்ளை, நான்தான் நட்டனான். உங்கட கட்டையைப் பாத்துத்தானே காணிக் கந்தோர் பெர்மிட்டுக்குப் படம் கீறும்? அந்த மனுசன் எங்கட ஐஞ்சடியை விழுங்கினது தெரியாமல் நீங்கள் பிழையா நட்டுப்போட்டீங்கள். நான் சரியாக்கிவிட்டன்.”

தமையனின் பக்கம், எடுக்காத நிலத்துக்குள், ஒரு முழு வயல் நீளத்துக்கு இந்த மனுசி இறங்கி நடந்திருக்கிறார். சேறு என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலோடு. கட்டையை அடிக்கக் கோடரிப் பிடியைப் பாவித்தாராம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பெட்டைகள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் அசையவில்லை.

“நான் நடந்துதானே நட்டனான். எனக்கு என்ன நடந்தது?” என்றார்.

பிழை அவருடையது மட்டுமில்லை என்று இன்றைக்குச் சொல்வேன். மாதக்கணக்காக அவர் வீட்டுத் தேநீரைக் குடித்தோம். சிவப்பு என்றால் என்ன, வெள்ளை என்றால் என்ன என்று அவருக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லியிருக்கிறோம். இது எல்லைக்கட்டை இல்லை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. காணி உறுதிப் பத்திரமும் வேலியும் போய், ஒரு துண்டு நிலத்துக்காக அரச அலுவலகங்களில் கந்தோர் கந்தோராக அலைந்தவருக்கு, வெளிநாட்டு வாகனத்தில் வந்து கருவி வைத்துப் பார்த்து நட்ட கட்டை எல்லைக்கட்டை இல்லாமல் வேறென்ன? அவர் நினைவிலிருந்த எல்லைக்கு ஓரிடத்தில் இரண்டடியும் ஓரிடத்தில் ஐந்தடியும் தள்ளி நட்டிருந்தார். தேடாத நிலம் வெள்ளைப் பக்கத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை உழவு இயந்திரம் வர இருந்தது. காலபோகத்துக்கு அவர் விதைநெல்லைக்கூட ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார்.

கிளிநொச்சிக்கு அறிவித்தேன். அங்கிருந்த முகாமையாளர் எங்கள் ஆள்தான், என்னைவிட நன்றாக இந்த மண்ணைத் தெரிந்தவர். கட்டைகளைப் பத்தடி உள்ளே இழுத்து நட்டு, குறைத்துக் கையளிப்போம் என்று நான் கேட்டேன். வரைபடமும் சான்றிதழும் அச்சாகிவிட்டன, விருந்தினர் புறப்படப்போகிறார்கள், முடியாது என்றார். காணிக்கார அம்மாவோ, பத்தடி உள்ளே நட்டால் அன்று பின்னேரமே பிடுங்குவேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அப்படியென்றால் அந்தத் துண்டைத் தேடி முடித்த பிறகுதான் கையளிக்கலாம், ஒன்பது பத்து நாள் தாருங்கள் என்றேன். அந்த அம்மா முழு நீளத்துக்கும் நடந்துவிட்டாவே, இனி என்ன என்று முகாமையாளர் கேட்டார். அடுத்த பருவத்தில் பக்கத்துக் காணி எடுக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாமாம். கலப்பை அவருடைய காலைவிட ஆழமாகப் போகும் என்றேன்.

“நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவர் திரும்ப எடுத்து, என் கையெழுத்து இல்லாவிட்டாலும் சேருடையது போதும் என்றும், தலைவிப் பதவி எனக்குச் சீதனமாக வந்ததில்லை என்றும் சொன்னார். வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில். அது தெரிந்துதான் சொன்னார்.

அன்று மத்தியானம் சேர் அந்தத் தாளோடு வந்தார். அவருக்கும் அழைப்பு வந்திருந்தது, இரண்டு முறை. பிக்கப்பை நிறுத்தி இறங்கி, தாளைப் பொனற்றில் விரித்தார். அந்தப் பொனற்றில் அவர் எதையும் வைத்ததை நாங்கள் கண்டதில்லை. காற்றில் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலிடம் பொறுப்பை எடுத்துக்கொண்டது, உனக்கு ஒன்றும் வராது என்று மெல்லச் சொன்னார். அந்த மென்மைதான் என்னைக் கொளுத்தியது. கேற்றுக் கம்பிக்கு நடுவால் பிஸ்கற் தந்தவருடைய குரலும் இப்படித்தான் மென்மையாக இருந்தது.

நான் போய் அவருக்கு எதிரே, பொனற்றின் மறுபக்கத்தில் நின்றேன். மற்ற ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியும்.

“சேர், இந்த முறையும் சிந்தாமத்தான் இறக்கி வைக்கப் போறீங்களோ?”

அவருக்கு விளங்கக்கூடிய சொற்களில்தான் கேட்டேன். விளங்கியது. பேனை பிடித்த கை அப்படியே நின்றது. அடி வாங்கிய மனிதனின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரக்கம் வந்தது, ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கமாட்டேன். அவர் பேனையை மூடினார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி என்னிடம் காட்டினார். இந்த வரிசையோரம் தேடப்படவில்லை, இதைப் பாதுகாப்பானது என்று சொல்ல என்னால் முடியாது. கீழே அவருடைய கையெழுத்து. அதைப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, கயிற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்து, பத்தடி உள்ளே தானே கட்டைகளை அடித்தார்.

மறுநாள் முகாமையாளர் நேரில் வந்தார். சேர் வயலின் வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, அது உடைந்துவிடும் என்று நாங்கள் பயந்துகொண்டிருக்க, அதில் அமர்ந்திருந்தார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் நீண்ட நேரம் கதைத்தார்கள். கட்டளை என்ற சொல் பல தடவை வந்தது. கடைசியில் சேர் சொன்னது மட்டும் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

“கட்டளைக்குக் கீழ்ப்படிய எனக்குத் தெரியும். அதை ஒருமுறை நன்றாகச் செய்து காட்டியிருக்கிறேன்.”

எழுத்தில் வந்துவிட்டதை விழுங்க முகாமையாளரால் முடியவில்லை. பந்தலை அவிழ்த்துக்கொண்டு, மாலைகளையும் எடுத்துக்கொண்டு, வேறு குழு முடித்திருந்த இன்னொரு காணிக்குக் கையளிப்பை மாற்றினார்கள். விருந்தினருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. எங்களுக்கு ஒன்பது வேலைநாள் கிடைத்தது.

அந்த ஒன்பது நாளும் சேற்றில் முழங்கால் புதையக் கிளறினோம். உழவு இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிய காணிக்கார அம்மா எங்களோடு பேசவில்லை, தேநீரும் நின்றுபோனது. தமையன்காரர் மட்டும் தன் பக்கத்துக் கரையில் நின்று, என் நிலத்தையும் சேர்த்து எடுக்கிறீர்கள், சந்தோசம் என்று பகிடி விட்டார். என் பெட்டைகளிலும் ஒருத்திக்கு என்மேல் கோபம். பிடிவாதத்தால் எல்லோருடைய வேலைக்கும் ஆபத்து வைக்கிறீர்கள் அக்கா என்று நேரே சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பாத்தியில் போய்க் குந்தி, மற்ற யாரையும்விடக் கவனமாக வேலை செய்தாள். கிடைத்தவை துருப்பிடித்த ஆணிகள், பால்மாப் பக்கற்றுத் துண்டு, ஒரு கரண்டி, இடுப்புப்பட்டியின் கொளுவி. மிதிவெடி ஒன்றும் இருக்கவில்லை.

ஆம், ஒன்றும் இருக்கவில்லை. முகாமையாளர் போனில் சிரித்தார். ஒன்பது நாள், எட்டுப் பேர், ஒரு கரண்டி என்றார். அடுத்த நாளே எனக்குக் கடிதம் வந்தது. குழுத் தலைவியிலிருந்து சாதாரண பணியாளராக இறக்கியிருந்தார்கள். சேருடைய ஒப்பந்தம் மாத முடிவோடு சரி, புதுப்பிக்கமாட்டார்களாம். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: பாவம், ஒன்றாவது கிடைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கிடைத்திருக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? அந்த அம்மாவின் காலுக்குக் கீழே ஒன்று இருந்திருக்கலாம் என்றா? நாங்கள் சனத்துக்குக் கொடுப்பது ஒன்றும் இல்லாத நிலத்தைத்தான். அதில் ஒன்றும் இல்லை என்று ஊகித்துச் சொல்ல எங்களுக்குச் சம்பளம் தேவையில்லை, பார்த்துச் சொல்லத்தான் சம்பளம். நாளைக்கும் ஒரு மாட்டு முடிச்சைக் கண்டால் நாளைக்கும் நிறுத்துவேன்.

கையளிப்பு நாளில் பந்தல் இல்லை, விருந்தினர் இல்லை. கவச உடைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கரையில் வரிசையாக நின்றோம். அதுவரை பேசாமல் இருந்த காணிக்கார அம்மா வாயைத் திறந்தார்.

“நான் வெறுங்காலோட நடந்தனான். நீங்கள் சப்பாத்தோட நடக்கிறீங்கள்.”

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். பெட்டைகளும் கழற்றினார்கள். கோபித்துக்கொண்டவள்தான் முதலில் கழற்றி முடித்தாள். சேரும் வந்து வரிசையின் நுனியில் நின்று, அந்தப் பெரிய சப்பாத்துகளைக் கழற்றினார். சேறு விரல்களுக்குள் பிதுங்க, கட்டை வரிசையோரமாக முழு நீளத்துக்கும் நடந்து மறுகரையில் ஏறினோம். அதன் பிறகு அந்த அம்மா இறங்கினார். பாதி தூரம் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை செய்த காரியத்துக்கு அவர் அப்போதுதான் பயந்தார். நான் திரும்ப இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். என் விரல்கள் நோக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சத் தூரத்தை என்னோடு நடந்தார்.

கரையில் கல்லடுப்பு மூட்டிப் பச்சரிசிப் புக்கை பொங்கினார். அவர்கள் வீட்டு வழக்கம். நிலம் திரும்ப வந்தால் அங்கேயே பொங்க வேண்டும். சூடு தாங்காமல் பானையைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வைக்க இடம் தேடிச் சுற்றிப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற வெள்ளைப் பிக்கப்பின் பொனற்றில் டக்கென்று வைத்தார். அவருக்கு ஒரு கதையும் தெரியாது. கையில் சூடு, கண் முன்னால் ஒரு பொனற், அவ்வளவுதான்.

நாங்கள் எட்டுப் பேரும் அப்படியே நின்றோம். நான் துணியை எடுத்துக்கொண்டு பானையைத் தூக்கப் போனேன். சேர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். சேற்றுக் காலோடு வந்து பொனற்றுக்கு முன்னால் நின்று பானையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார். காணிக்கார அம்மா அள்ளிப் போட்டார். அவர் அங்கேயே, பொனற்றில் சாய்ந்து நின்று, விரல் சுடச் சுடச் சாப்பிட்டார். முடிந்ததும் திரும்பவும் கோப்பையை நீட்டினார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து புறப்படுவதாக இருந்தது. எல்லோரும் வந்து வழியனுப்பப் போவதாகப் பெட்டைகள் சாப்பிட்டபடி அவரிடம் சொன்னார்கள். நான் வரவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

“கேற் வரைக்கும் நான் வரமாட்டன், சேர். கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதை நான் விட்டுட்டன். ஆனா இந்த முறை நீங்கள் விட்டுட்டுப் போகேல்லை, உங்களை அனுப்பினவங்கள். அது எனக்குத் தெரியும்.”

“ஓம்” என்றார்.

பானையை எடுத்தபோது வெள்ளைப் பொனற்றில் கரி வட்டமாகப் படிந்திருந்தது. எங்களுக்குள்ளிருந்து புதுத் தலைவியாக நியமித்திருந்தவள் துணியை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனாள். துடைக்காதே என்றேன். பதவி போன பிறகு நான் இட்ட முதல் கட்டளை அது. அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து, தனக்கும் ஒரு கோப்பை புக்கை வாங்கிக்கொண்டாள்.